அடுத்தவர் முறையில் பேசாத மனிதர்

அவர் கையில் எப்போதும் சோப்பு வாசம் அடிக்கும். வர்க்கி என்கிற மொறுமொறு ரொட்டி போடுகிறவர் கையில் சோப்பு வாசமா என்று கேட்பீர்கள். பேக்கரியிலிருந்து இறங்கி வரும்போது வெந்த மாவும் நெய்யும் மணப்பது உண்மைதான். ஆனால் அவரிடம் ஒரு விளையாட்டுப் பெட்டி உண்டு, அதைத் திறப்பதற்கு முன்னால், எங்கள் வாசல் குழாயில், நீலகிரி மலையில் எங்கள் அரவேணு ஊர்க் குளிரில், முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். அப்புறம் பிள்ளைகள் வரிசையாகக் கழுவ வேண்டும். அப்புறம் நான்.

"எண்ணெய்க் கை பட்டா அட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குமுங்க அக்கா," என்பார்.

எனக்கென்னவோ கோயிலுக்குள் நுழையும் முன் கால் கழுவுகிற மாதிரி இருக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது சொன்னதில்லை.

எங்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தார். பெண்சாதி வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். ஒரே மகள் மோனிஷா. விடியும் முன்பே பேக்கரிக்குப் போய்விடுகிற ஆள், மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்துவிடுவார். சாயங்காலம் முழுக்க அவருடையது. பிள்ளைகள் ‘வர்க்கி மாமா’ என்று கூப்பிட்டார்கள். அவர் பேரை நான் இங்கே எழுதவில்லை. பேர் போட்டுப் புகழ்ந்தால் கூசிப் போகிற மனுஷர். இப்போது திருப்பூர்ப் பக்கம் ஏதோ பேக்கரியில் இருப்பதாகக் கேள்வி. மலை இறங்கிப் போன புதிதில் போனில் பேசிக்கொண்டோம். பிறகு நம்பர் மாறிவிட்டது. எங்கே இருந்தாலும் முருகன் அவரை நன்றாக வைத்திருக்க வேண்டும்.

என் மகள் அபிநயாவைப் பற்றிச் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும். அபிக்கு அப்போது பத்து வயது. நல்ல பிள்ளை. ரொம்பவும் நல்ல பிள்ளை, அதுதான் என் கவலை. சொன்னதைச் செய்வாள், சொல்லாவிட்டால் அப்படியே நிற்பாள். தாகம் எடுத்தால், "அம்மா, தண்ணி குடிக்கட்டுமா?" என்பாள். மழையில் நனைந்துகொண்டே வாசலில் நிற்பாள், உள்ளே வா என்று யாராவது கூப்பிடுகிற வரைக்கும். வகுப்பில் ஒரு பெண் இவளுடைய பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு "நீ போ" என்றாளாம். இவள் போய்விட்டாள். வருகிற ஜூனில் கோத்தகிரிப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர்த்தாக வேண்டும். பஸ்ஸில் தனியாகப் போய் வர வேண்டும். யார் என்ன சொன்னாலும் கேட்கிற பிள்ளையை எந்தத் தைரியத்தில் பஸ் ஏற்றுவது? கிருத்திகைக்குக் கிருத்திகை விரதமிருந்து சந்நிதியில் நின்று அழுதிருக்கிறேன். புத்தி கொடு என்று கேட்கவில்லை, அது அவளுக்கு உண்டு. தன் மனசு என்ன சொல்கிறது என்று கேட்கிற காது கொடு சாமி என்றுதான் கேட்டேன்.

முருகன் ஒரு கிழிந்த அட்டைப் பெட்டியை அனுப்பினான்.

அந்தப் பெட்டி அவருக்குப் பெங்களூரில் கிடைத்தது. அங்கே அவர் வேலை பார்த்த பேக்கரிக்கு மாடியில், குடும்பம் குடும்பமாக வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுகிற கடை ஒன்று இருந்ததாம். பன் கொண்டுபோய்க் கொடுக்கிறவர், தட்டு காலியாகிற வரை நின்று பார்ப்பார். ஊருக்குக் கிளம்பும்போது, மூடி கிழிந்துபோன ஒரு பெட்டியை அந்தக் கடைக்காரர் இவருக்கே கொடுத்துவிட்டார். உள்ளே எல்லாம் ஆங்கிலம். அவர் ஒவ்வொரு அட்டைக்கும் கதையைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்வார்.

அதை முதல் முறை எங்கள் கூடத்தில் விரித்தபோது நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றுவிட்டேன். துண்டு துண்டான அட்டைகளைச் சேர்க்கச் சேர்க்க ஒரு இருண்ட காடு வளர்ந்தது. நடுவில் இடிந்த கோட்டை. அதற்கு அடியில் சிறகை மடக்கித் தூங்குகிறது நெருப்பு கக்கும் ஒரு மிருகம். கோட்டைக்குள் ஒரு கிராமத்துக் குழந்தைகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். வில்லுக்காரி, வைத்தியர், சுத்தியல் தூக்கிய குள்ளர், விளக்குப் பிடிக்கிறவள் என்று நாலு பேர் போய் அவர்களை மீட்க வேண்டும். நாம்தான் அந்த நாலு பேர். தப்பான வழியில் போகப் போக மிருகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கண் விழிக்கும். நாலு பேரும் வெளியே வந்தால்தான் கணக்கு. மூன்று பேர் வந்து ஒருத்தர் உள்ளே நின்றாலும் தோல்வி.

"அப்ப யாருங்க ஜெயிக்கறது?" என்று கேட்டேன்.

"எல்லாருமுங்க."

"தோக்கறது?"

"அதும் எல்லாருந்தானுங்க."

"பின்ன யாரை எதுத்துங்க விளையாடறது?"

அவர் அந்தக் கிழிந்த பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இதைங்க."

தாயம், பல்லாங்குழி, கேரம் என்று நான் பார்த்த ஆட்டத்திலெல்லாம் ஒருத்தர் சிரித்தால் இன்னொருத்தர் முகம் தொங்கும். இப்படி ஒன்று உண்டென்று எனக்குத் தெரியாது.

பெட்டியில் பகடை இருந்தது. பகடை உருட்டி நாட்டைத் தோற்றவர்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான். வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கிற அன்றைக்குத் தவிர எங்கள் வீட்டில் யாரும் பகடை தொட்டதில்லை. அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில்! தயங்கித் தயங்கிச் சொன்னேன். மோனிஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ பெரியம்மா, இது வெறும் பிளாஸ்டிக்கு" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு ஆட்டத்தையே மடித்து வைத்துவிட்டார். மறுநாள் ஒரு சுருக்குப் பை கொண்டுவந்தார். அவர் பெண்சாதி ரவிக்கைத் துணி மிச்சத்தில் தைத்தது. உள்ளே தைல மரத்துக் காய்கள். ஒவ்வொன்றிலும் மோனிஷாவின் நகப் பாலிஷால் ஒரு பொட்டு. சிவப்பு வந்தால் மிருகம் ஒரு படி விழிக்கும், மற்ற நிறங்களுக்கு நாம் நடக்கலாம்.

"பகடைதானுங்களே ஆகாது? விதி இந்தப் பைக்குள்ள இருந்தும் வருமுங்க," என்றார்.

இன்னொன்றும் சொன்னேன். சாமி விளக்கு எரியும்போது அந்த மிருகத்தின் பேரைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டாம் என்று. அதற்கும் ஒத்துக்கொண்டார். எங்கள் ஊரில் கரடி வந்தால் ‘அவரு வந்திருக்காரு’ என்றுதான் சொல்வோம். அதே மாதிரி அதையும் பிள்ளைகள் ‘அவரு’ ஆக்கிவிட்டார்கள். ஒரு நாள் என் வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மோனிஷா, "ஐயய்யோ, அவரு எந்திரிச்சிட்டாரு, போச்சு, எல்லாரையும் எரிக்கப் போறாரு!" என்று கத்தினாள். மனுஷன் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, "ஊட்டு ஓனரா வந்திருக்காப்ல?" என்று ஜன்னல் வழியாக என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

இப்போது வர்க்கி மாமாவுடைய அந்தக் குணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆட்டம் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். எந்த அட்டை வெளியே வந்தது, எது இன்னும் வரவில்லை, யார் எந்த வழியில் போனால் தப்பிக்கலாம், எல்லாம் தெரியும். ஆனால் அடுத்தவர் முறை வந்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார். ஏன் என்று கேட்டால், "விரல் தன்னால நீட்டிக்குமுங்க" என்பார். கண்ணைக்கூட அட்டைமேல் வைக்க மாட்டார். பிள்ளைகள் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களாம். மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாம் தப்பான வழியில் காலை வைத்து எல்லோரும் சாகப் போகிறோம் என்று தெரிந்தாலும் கூரையைத்தான் பார்ப்பார்.

முதல் ஆட்டத்தில் என் கைக்கு ஒரு கயிறு அட்டை வந்தது. ஆட்டமென்றால் கையில் இருப்பதைக் காட்டக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்தது. முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கடைசியில் பள்ளத்தைத் தாண்டக் கயிறு இல்லாமல் நாலு பேரும் கோட்டைக்குள் மாட்டி, அவரு எழுந்து எல்லோரையும் எரித்துவிட்டார். நான் பெருமையாகக் கயிற்றை எடுத்துக் காட்டினேன், "எங்கிட்ட இருக்குதே!" என்று. மோனிஷா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவரிடம் கேட்டேன், "அண்ணா, எங்கிட்ட இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"சொல்லியிருக்கலாமுல்ல?"

"உங்க கையில இருக்கறதை நான் எப்படிங்க எடுத்துக் குடுக்கறது?" என்றார். கோபமோ கிண்டலோ இல்லை. "பரவால்லீங்க. நாம தோத்துட்டம்."

‘நாம’ என்றார். எத்தனையோ முறை தோற்றிருக்கிறோம். ‘நீ இதைச் செய்ததால்’ என்று அவர் வாயிலிருந்து ஒரு தடவையும் நான் கேட்டதில்லை.

அபியின் முறை வந்தால்தான் வேடிக்கை. வேடிக்கை என்ன, எனக்கு உயிர் போகும். அவள் பையில் கையை விட மாட்டாள். காயை எடுத்தால் பொம்மையை நகர்த்த மாட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். என்ன செய்யணும் என்று யாராவது சொல்வார்கள் என்று அந்தக் கண் கெஞ்சும். நான் உதட்டைக் கடித்துக்கொள்வேன். மோனிஷா கொட்டாவி விடுவாள். "அபி, நீ நகத்தறதுக்குள்ள எனக்குக் கல்யாணமே ஆயிரும்டி" என்பாள். அவர் மட்டும் மழை நிற்கட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவர் போல உட்கார்ந்திருப்பார். அவசரமே கிடையாது. அபி கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பக்கம் நகர்த்துவாள். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். தோற்போம். மறுநாளும் அவளுக்கு அதே மரியாதை.

அவர் பெண்சாதியிடம் ஒரு நாள், "உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்குது, அதிகாரமே பண்ணாத மனுஷன்" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. "நீங்க வேற அக்கா. ஒரு சீலை எடுக்கப் போனா எது நல்லாருக்குதுன்னு கேட்டா, ‘கட்டிக்கப் போறது நீதான?’ங்கறாரு. கொழம்புல உப்பு பத்தாட்டிக்கூட நானா கண்டுபிடிக்கோணும். வாய் வலிக்கத் திட்டற புருஷன்கிட்ட இருந்துரலாம், இவர்கிட்ட ரோசனை பண்ணிப் பண்ணியே மண்டை காஞ்சு போகுது." சொல்லிவிட்டுச் சிரித்தது. ஆனால் அந்தம்மா தைத்துக் கொடுத்த ரவிக்கை எதையும் இன்னொரு தரம் பிரித்துத் தைத்ததில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். மளிகைக் கடைக்காரர். சரக்கு எடுத்துக் கொடுக்கிற பழக்கத்தில், கேட்காமலே எல்லோருக்கும் யோசனை எடுத்துக் கொடுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர்க்கி மாமா தன் பொம்மையைக் கொடுக்க, ஆட்டத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே, "அபி, நீ இப்படிப் போ. மோனிஷா, அந்த அம்பை வெய்யி. நீ கயித்தை எடு" என்று ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ஜெயித்துவிட்டோம். முதல் முதலாக! நாலு பேரும் குழந்தைகளோடு காட்டைத் தாண்டி வந்துவிட்டோம். நான் கைதட்டினேன். மோனிஷா குதித்தாள். அபி மட்டும் தன் பொம்மையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடா கண்ணு, ஜெயிச்சுட்டமில்ல?" என்றார் அவள் அப்பா.

"நான் விளையாடவே இல்லையேப்பா" என்றாள்.

வர்க்கி மாமா அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரர் எடுத்த முதல் அட்டையே வாய்க்கட்டு அட்டை. மந்திரவாதி சபித்துவிட்டான், ஆட்டம் முடிகிற வரை பேசக் கூடாது. அந்த மனுஷன் பட்ட பாடு இருக்கிறதே! முகம் சிவந்து, கன்னம் உப்பி, உம் உம் என்று முனகி, கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். அபி வழக்கம் போல ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு, மெல்ல விளக்குக்காரியை எடுத்துக் கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு குறுக்கு வழியில் வைத்தாள். கண்ணை மூடவில்லை. திறந்த கண்ணோடு வைத்தாள். நாங்கள் யாருமே நினைக்காத வழி அது. அன்றைக்கும் தோற்றோம், ஆனால் கோட்டை வாசல் வரைக்கும் வந்து தோற்றோம். அவள் கன்னம் மினுங்கியது.

அந்த வாய்க்கட்டு அட்டை தானாக வந்தது என்று நான் நம்புகிறேன். சாமி அனுப்பியது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் அது திட்டம் போட்ட சதி என்கிறார்.

வர்க்கி மாமா ஏன் இப்படி என்று ஒரு நாள் அவரிடமே கேட்டுவிட்டேன். சட்டைக் கையை மடித்துக் காட்டினார். முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கிப் பளபளவென்று ஒரு பட்டை. விறகு அடுப்பில் நீளமான மரத் துடுப்பை உள்ளே விட்டு வர்க்கித் தட்டை எடுக்கிறவனிடம், அவன் கையை வெளியே எடுக்கிற வரை யாரும் பேசக் கூடாது. பேக்கரியில் அது வழக்கமாம். முதலாளி வந்தாலும் நிற்க வேண்டியதுதான். கூப்பிட்டால் திரும்புவான், திரும்பினால் கை அடுப்பில் படும்.

"என்னைக் கூப்பிட்டவரு நல்லதுக்குத்தானுங்க கூப்பிட்டாரு," என்றார். "இந்தப் பக்கம் தட்டு கருகுது, பாருன்னு சொல்றதுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

இதெல்லாம் கூடத்தில், சாமி விளக்கு வெளிச்சத்தில், பாய் விரித்து நடந்தவை. தோற்றால் அட்டையை மடித்துவிட்டு எழுந்து காப்பி போடலாம். அந்தக் குணத்தின் கனம் எவ்வளவு என்று நான் பார்த்தது சித்திரை மாதத்தில் ஒரு சாயங்காலம்.

அபியும் மோனிஷாவும் மேல் ரோட்டில் டியூஷன் முடிந்து, தேயிலைக்கு நடுவே இருக்கிற ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார்கள். அன்றைக்குப் பஞ்சு மாதிரிப் பனிமூட்டம், நாங்கள் மஞ்சு என்போம், இறங்கியிருந்தது. மோனிஷா முன்னால் ஓடி வந்து ரோட்டைத் தொட்டுவிட்டாள். அபி செருப்பு வாரைச் சரிசெய்யப் பாதையில் நின்றிருக்கிறாள். மஞ்சு விலகியபோது அவளுக்குப் பக்கவாட்டில், பத்தடி தள்ளி இருக்குமோ என்னவோ, ஒரு காட்டெருமை நின்றது. தேயிலைச் செடிக்கு மேலே பாறை மாதிரி அதன் முதுகு. வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி கால். தலையை எடுத்து என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மோனிஷா அலறியதில் ரோடே கூடிவிட்டது. ஆட்டோக்காரர்கள், இலை எடுத்துவிட்டு வந்த பெண்கள், கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்த என் வீட்டுக்காரர், மாவு பிசைந்த கையோடு நான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒருவரைக் காட்டெருமை முட்டித் தூக்கி எறிந்ததை எல்லோரும் அறிவோம்.

"ஓடியா, ஓடியா, நேரா எறங்கி ஓடியா!" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"ஓடாத பாப்பா! உக்காரு, அப்படியே உக்காரு!" என்றார் ஒரு ஆட்டோக்காரர்.

"பின்னால போ கண்ணு, பின்னால!" என்று இலைக்காரம்மா.

நானும் என்னென்னவோ கத்தினேன்.

என் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? எல்லோரும் சொன்னதையும் செய்தாள். அவள் அப்பா கத்தினால் கீழே ஒரு அடி வைத்தாள். அடுத்த குரலுக்குப் பாதி உட்கார்ந்தாள். அடுத்த குரலுக்கு எழுந்து பின்னால் ஒரு அடி. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு அடி. அவள் அசைய அசைய அந்த மிருகம் மூச்சைச் சீறி, காலால் மண்ணைக் கிளறியது. அதைப் பார்த்து நாங்கள் இன்னும் பலமாகக் கத்தினோம்.

அப்போதுதான் வர்க்கி மாமா வந்தார். ஓடி வந்தார், ஆனால் மேலே பார்த்து ஓடவில்லை. எங்களை நோக்கி ஓடி வந்தார். ஆட்டோக்காரர் முன்னால் நின்று கைகூப்பினார். இலைக்காரம்மாக்களிடம் கைகூப்பினார். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. வர்க்கி மாமா இவர் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். இவர் திமிறினார். அவர் கையை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன்.

ரோட்டில் சத்தமே இல்லை. தூரத்தில் எங்கோ ஒரு பஸ் கியர் மாற்றுவது கேட்டது.

அவர் கத்தாமல், கூடத்தில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"அபி அம்மிணி. எங்களுக்கு இங்கிருந்து ஒண்ணும் தெரியல சாமி. உனக்குத்தான் தெரியும். உன் முறை."

அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அபி எங்கள் முகங்களைப் பார்த்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் எங்களைப் பார்ப்பதை விட்டாள். அந்த மிருகத்தைப் பார்த்தாள். தனக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த பாதையைப் பார்த்தாள். அதில் எங்களுக்குத் தெரிந்தது வெறும் செடியும் ஒரு கால்வாயும்தான். என் ஆயுசில் அவ்வளவு நீளமான நேரத்தை நான் கண்டதில்லை. முருகா என்று கூப்பிடக்கூட எனக்கு நாக்கு வரவில்லை.

அவள் திரும்பினாள். எங்களுக்கு முதுகைக் காட்டினாள். வந்த வழியே, மேலே, எங்களை விட்டுத் தூரமாக நடக்க ஆரம்பித்தாள். ஓடவில்லை. ஒவ்வொரு அடியாக. நாலைந்து செடி தாண்டியதும் மஞ்சு அவளை மூடிவிட்டது.

மேலே தனியாகப் போகிறாளே, அங்கே இன்னொன்று நின்றால்? கூப்பிட முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று. அவர் கை இன்னும் என் வீட்டுக்காரர் வாயில் இருந்தது. அந்தக் கையை நனைத்துக்கொண்டு இவர் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்துத்தான் கால்வாய்க்குள் ஏதோ அசைந்தது. நாங்கள் அவளை ஓடி வரச் சொன்ன அதே பாதை ஓரத்தில், செடிக்கு அடியில் இருந்து, பழுப்பு நிறத்தில் ஒரு கன்று காலை உதறிக்கொண்டு எழுந்து நின்றது. தாய் இறங்கி வந்து அதை முகர்ந்தது. எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டும் தேயிலையைக் கடந்து, ரோட்டைக் கடந்து, சோலைக்குள் போய்விட்டன.

நாங்கள் மேலே ஓடக் கிளம்பும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா."

மேல் ரோட்டுக்கு ஏறி, இலை நிறுக்கிற ஷெட்டைச் சுற்றி, பெரிய ரோடு வழியாக வந்து, எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை.

"கன்னுக்குட்டி காதை ஆட்டிட்டே இருந்துச்சும்மா. உங்களுக்குத் தெரியலையா?"

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். என் கை மாவெல்லாம் அவள் தலையில். அவள் அப்பா திட்டவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல் அவள் தோளைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். கூட்டம் மொத்தமாகப் பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் வர்க்கி மாமாவை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அவர் ரோட்டோரத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கமாகத் திரும்பி வாந்தி எடுத்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், கால் நிற்கவில்லை. உடம்பு முழுக்க, குளிர் காய்ச்சல் வந்தவர் மாதிரி உதறிக்கொண்டிருந்தது. தெரிந்துகொண்டு பேசாமல் இருக்கிறவர் என்றுதான் அதுவரை அவரை நினைத்திருந்தேன். அது பெரிய விஷயமில்லை. அன்றைக்கு அவர் ஒன்றுமே தெரியாமல், என் பிள்ளை உயிரோடு வருவாளா என்பதே தெரியாமல், பேசாமல் நின்றிருக்கிறார்.

அபி என் கையை விலக்கிவிட்டு அவரிடம் போனாள்.

"மாமா, பயந்துட்டீங்களா?"

"ஆமாஞ்சாமி. ரொம்ப."

"அப்புறம் ஏன் எனக்கு ஒண்ணுமே சொல்லல?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். பேச்சு திக்கித் திக்கித்தான் வந்தது.

"சொல்லியிருந்தா... நேரா எங்கிட்ட ஓடியான்னுதான் கண்ணு சொல்லியிருப்பேன்."

எங்கள் எல்லோருக்கும் அது கேட்டது. கால்வாயை ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டோம்.

கந்த சஷ்டியிலும் தைப்பூசத்திலும் சாமியை எத்தனையோ அலங்காரத்தில் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள் நான். அன்றைக்கு அந்த மனுஷர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. இத்தனை பேர் முன்னால் கூச்சமாக இருந்தது, நின்ற இடத்திலேயே நின்றேன்.

மறுபடியும் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அபியின் தோளில் கை வைத்தார். "வா கண்ணு, போலாம். இருட்டிட்டு வருது, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

அபி அவர் கையை எடுத்து விட்டாள். வர்க்கி மாமாவுக்குப் பக்கத்தில், அந்த ஈரத் தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா எந்திரிக்கட்டும்ப்பா. அப்புறந்தான் போகோணும்" என்றாள்.

நாங்கள் எல்லோரும் நின்றோம்.